மன்னிச்சுட்டா கம்ப்ளெயின்ட் குடுக்கக் கூடாதா?

தம்பி, நீங்க கேட்டது இதுதான்: அக்காவை மச்சான் குடிச்சிட்டு வந்து அடிக்கிறார், மூணு தடவை அம்மா வீட்டுக்கு ஓடி வந்துட்டா, மூணு தடவையும் பாஸ்டர் "ஏழெழுபது தரம் மன்னிக்கணும்னு ஆண்டவரே சொல்லியிருக்காரும்மா"ன்னு ஜெபம் பண்ணி திருப்பி அனுப்பிட்டார், இப்ப போலீஸுக்குப் போனா மன்னிக்காத பாவம் வருமான்னு அக்கா பயப்படுறா, கிறிஸ்தவத்துல மன்னிப்புன்னா உண்மையிலேயே இதுதானான்னு கேட்டிருக்கீங்க.

இல்ல. இது அது இல்ல. நான் இருபது வருஷத்துக்கு மேல சண்டே ஸ்கூலும் வேதபாட வகுப்பும் எடுக்கிறவன், பெரிய இறையியல் பட்டமெல்லாம் கிடையாது, ஆனா இந்த ஒரு வசனத்தை வெச்சு எத்தனை பொம்பளைங்களை திரும்ப அடிவாங்க அனுப்பியிருக்காங்கன்னு பார்த்துப் பார்த்து வயிறு எரிஞ்சவன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல்ல அந்த ஏழெழுபது எங்க வருதுன்னு பாருங்க. பைபிள்ல மத்தேயு 18ஆம் அதிகாரம், 22ஆம் வசனம். பிரசங்கத்துல எல்லாரும் 21ல ஆரம்பிப்பாங்க, பேதுரு வந்து ஏழு தடவை போதுமான்னு கேட்கிறதுல இருந்து. அதுக்கு முன்னாடி என்ன இருக்குன்னு பாக்கறதே இல்ல. 6ஆம் வசனத்துல சிறியவங்களுக்கு இடறல் உண்டாக்குறவன் கழுத்துல ஏந்திரக்கல்லை (மாவரைக்கிற பெரிய கல்) கட்டி சமுத்திரத்துல அமிழ்த்துறது அவனுக்கு நலம்னு இருக்கு. இது அதே வாய் சொன்னதுதான். 15ல இருந்து 17 வரைக்கும், உன் சகோதரன் உனக்கு விரோதமா குற்றம் செஞ்சா போய் அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து, கேக்கலன்னா ரெண்டொரு பேரைக் கூட்டிட்டு போ, அதுக்கும் கேக்கலன்னா சபைக்குத் தெரியப்படுத்து, சபைக்கும் அடங்கலன்னா அவன் உனக்கு அஞ்ஞானி மாதிரியும் ஆயக்காரன் (வரி வசூலிக்கிறவன்) மாதிரியும், அதாவது வெளியாள் மாதிரி, இருக்கட்டும். அப்ப குத்தத்தை மூடி வைன்னு எங்க இருக்கு? தனியா சொல்லு, சாட்சியோட சொல்லு, ஊரறியச் சொல்லுன்னு படிப்படியா வெளிய கொண்டுவரச் சொல்ற அதிகாரத்துக்குள்ளதான் அந்த ஏழெழுபதும் உக்காந்திருக்கு. முன்னாடி உள்ள 20 வசனத்தை வெட்டிட்டு ஒரே ஒரு வசனத்தை மட்டும் அடிபட்டவ கையில குடுக்கறது என்ன நியாயம்னு எனக்குப் புரியல.

அந்த எண்ணே ஒரு பழைய கணக்குக்குப் பதில்தான். ஆதியாகமம் 4ல லாமேக்குன்னு ஒருத்தன் தன் பெண்டாட்டிகள்கிட்ட பெருமை அடிச்சுக்குவான், தம்பியைக் கொன்ன காயீனுக்காக ஏழு பழின்னா எனக்காக எழுபத்தேழு பழின்னு. பழைய ஏற்பாட்டோட கிரேக்க மொழிபெயர்ப்புல லாமேக்கு சொல்ற எண்ணும், மத்தேயுவுல இயேசு சொல்ற எண்ணும் ஒரே சொல்தான் (அது 77ஆ 490ஆன்னு அறிஞர்களுக்குள்ள இன்னும் சண்டை, நமக்கு அது வேண்டாம்). அதாவது பழிவாங்கறதுக்கு லாமேக்கு வெச்ச அளவை எடுத்து அப்படியே கவுத்துப் போடறார். நீ எத்தனை தடவை அடி வாங்கலாம்ங்கிறது இல்ல அங்க பேச்சு, பழிவாங்கற கணக்கை எப்ப நிறுத்தப் போறேங்கிறதுதான் பேச்சு.

அடுத்து ஒரு கதை சொல்றார், ராஜாவுக்கு பதினாயிரம் தாலந்து கடன்பட்டவன் கதை. ஒரு தாலந்துன்னா 6,000 வெள்ளிக்காசு, ஒரு வெள்ளிக்காசு ஒரு நாள் கூலி, அப்ப மொத்தம் 6 கோடி நாள் கூலி, நம்ம கணக்குக்கு தினக்கூலி 500 ரூபான்னு வெச்சா 3,000 கோடி. ராஜா அத்தனையையும் தள்ளுபடி பண்ணிடறார். அவனுக்கு இன்னொருத்தன் தரவேண்டியது நூறு வெள்ளிப்பணம், அதே கணக்குல 50,000 ரூபா. சில பேர் அந்த நூறை ஒண்ணுமே இல்லாத சில்லறை மாதிரி பேசுவாங்க, கூலிக்காரனுக்கு மூணு நாலு மாச உழைப்பு சாமி அது. உனக்கு நடந்த அநியாயம் சின்னதுன்னு அந்தக் கதை எங்கயும் சொல்லல, நிஜமாவே பெரிய தொகைதான், ஆனா உனக்குத் தள்ளுபடியானது அதவிட எண்ணவே முடியாத தொகைன்னுதான் சொல்லுது.

இதே கதையில 31ஆம் வசனம் ஒண்ணு இருக்கு, யாரும் கண்டுக்க மாட்டாங்க. அந்தக் கடன்காரன் இன்னொருத்தன் கழுத்தை நெரிச்சு காவல்ல போடறதைப் பார்த்த மத்த வேலைக்காரங்க என்ன பண்ணாங்க? "பாவம், மன்னிச்சு விடுவோம்"னு கண்ணை மூடிக்கிட்டு ஜெபம் பண்ணாங்களா? நேரா ராஜாகிட்ட போய் நடந்ததை எல்லாம் சொல்லிட்டாங்க. கம்ப்ளெயின்ட்! மன்னிப்பைப் பத்தின கதைக்குள்ளயே கம்ப்ளெயின்ட் இருக்கு, குடுத்தவங்களை ஒரு வார்த்தை யாரும் திட்டல, ராஜாவும் உடனே ஆக்ஷன் எடுக்கிறார். கழுத்து நெரிபட்டவனைப் பார்த்து நீ ஏன் மன்னிக்கலன்னும் யாரும் கேக்கல.

மன்னிக்கிறதுன்னு நாம சொல்றதுக்கு கிரேக்கத்துல வர்ற சொல்லுக்கு நேர் அர்த்தம் விட்டுவிடறது. சீஷர்கள் வலைகளை விட்டு இயேசு பின்னாடி போனாங்கன்னு வருதுல்ல, அங்கயும் அதே சொல்தான். கடனைத் தள்ளறதுக்கும் அதே. கைக்குள்ள இறுக்கிப் பிடிச்சிருக்கிற ஒண்ணை விடறது. எதை விடறோம்? திருப்பிக் குடுத்தே தீருவேன்ங்கிற உரிமையை. வீட்டுச் சாவியை இல்ல. நம்ம ஊர் மேடைகள்ல "மறப்போம் மன்னிப்போம்"னு சேர்த்தே சொல்லிச் சொல்லி ரெண்டும் ஒண்ணுன்னு பழகிருச்சு, வேதத்துல நமக்கு இட்ட கட்டளையா அப்படி சேர்ந்து வர்றதா எனக்குத் தெரிஞ்சு கிடையாது. உயிர்த்தெழுந்த இயேசுவுக்கே காயம் மறையல, தோமாவைக் கூப்பிட்டு விலாவுல கையைப் போடுன்னு சொல்றார்.

ஆதியாகமத்துல வர்ற யோசேப்பை எடுத்துக்கோங்க. அண்ணன்மார் குழியில போட்டு 20 வெள்ளிக்காசுக்கு வித்த பையன், பல வருஷம் கழிச்சு எகிப்துல அதிகாரியா இருக்கறப்ப அவங்க தானியம் வாங்க வந்து நிக்கிறாங்க. உடனே கட்டிப் பிடிச்சு அழலயே. சிமியோனைப் பிடிச்சு கட்டி வைக்கிறான், தம்பி பென்யமீனைக் கூட்டிட்டு வாங்கங்கிறான், அவன் வந்ததும் அவன் சாக்குல வெள்ளிப் பாத்திரத்தை ஒளிச்சு வெச்சு மாட்ட விடறான். ஏன் இத்தனை நாடகம்? இவனுங்க மாறியிருக்கானுங்களா, இன்னொரு தம்பியையும் விட்டுட்டு ஓடுவானுங்களான்னு பாக்கிறான். அப்ப யூதா முன்னாடி வந்து, பையனை விடுங்க, அவனுக்குப் பதிலா நான் அடிமையா இருக்கேன்கிறான். யோசேப்பை வித்துடலாம்னு அன்னைக்கு ஐடியா குடுத்ததே இந்த யூதாதான்! அதைக் கேட்ட பிறகுதான் யோசேப்பு அடக்க மாட்டாம அழுது, நான்தான் உங்க யோசேப்புன்னு சொல்றான். மனசுல அவன் எப்பவோ விட்டிருக்கலாம், பழிவாங்கணும்னா முதல் நாளே கழுத்தை எடுத்திருக்க முடியும், ஆனா திரும்ப ஒரே குடும்பமா சேர்றதுக்கு ஆள் மாறினதுக்கு அடையாளம் கேட்டான். மன்னிப்பு வேற, ஒப்புரவு, அதாவது திரும்ப ஒண்ணு சேர்றது, வேற. முதல்லது ஒருத்தர் மனசு சம்பந்தப்பட்டது, ரெண்டாவதுக்கு ரெண்டு பேர் வேணும். லூக்கா 17:3ல இயேசுவே "அவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால், அவனுக்கு மன்னிப்பாயாக"ன்னு வரிசையா சொல்றார். மாற்கு 11:25ல ஜெபத்துக்கு நிக்கிறப்பவே யார் பேர்ல என்ன குறை இருந்தாலும் மன்னிச்சுடுங்கன்னு நிபந்தனை இல்லாம வருது, ரெண்டும் எப்படி ஒத்துப்போகும்னு ரொம்ப நாள் குழம்பியிருக்கேன், மாற்குல சொல்றது மனசுக்குள்ள விடறது, லூக்கால சொல்றது உறவைத் திரும்ப எடுத்துக்கட்டறதுன்னு பிரிச்சுப் பார்த்தப்பதான் எனக்குத் தெளிஞ்சது.

இப்ப எதிர்வசனம் ஒண்ணு கண்டிப்பா எடுத்துட்டு வருவாங்க, ஒரு கன்னத்துல அறைஞ்சா மறு கன்னத்தைக் காட்டுன்னு. சரி, அதைச் சொன்னவர் தன்னை அறைஞ்சப்ப என்ன பண்ணார்னு யோவான் 18ல இருக்கு. பிரதான ஆசாரியன் முன்னால ஒரு சேவகன் அறையறான். இவர் மறு கன்னத்தைத் திருப்பல, திருப்பி அடிக்கவும் இல்ல. நான் தப்பா பேசியிருந்தா எது தப்புன்னு நிரூபி, சரியா பேசியிருந்தா "என்னை ஏன் அடிக்கிறாய்"னு கேட்டார். உங்க அக்கா இந்த ஒரே கேள்வியைத்தான் இத்தனை நாளா கேக்க முடியாம இருக்கா.

அப்போஸ்தலன் பவுலையும் பாருங்க. நீங்க பழிவாங்காதீங்க, "பழிவாங்குதல் எனக்குரியது"ன்னு கர்த்தர் சொல்றார்னு ரோமர் 12ல எழுதினவர் அவர்தான். அது முடிஞ்ச கையோட 13ல, அதிகாரம் உள்ளவன் பட்டயத்தை (வாளை) விருதாவா, சும்மா பிடிச்சிருக்கலன்னு எழுதறார். நடுவுல அதிகாரம் பிரிச்சதெல்லாம் பிற்காலத்து வேலை, அவர் எழுதினப்ப அது ஒரே ஓட்டம். நீ கையில கத்தி எடுக்காதே, அதுக்குன்னு ஒரு அமைப்பு இருக்கு, அது தன் வேலையைப் பாக்கட்டும். சொன்னதோட நிக்கல, பிலிப்பியில விசாரிக்காம அடிச்சு சிறையில போட்டுட்டு மறுநாள் ரகசியமா போயிடுன்னப்ப, அதெல்லாம் முடியாது, அவங்களே வந்து எங்களை வெளிய கூட்டிட்டுப் போகட்டும்னு அடம் பிடிச்சார். எருசலேம்ல சாட்டையால அடிக்கக் கட்டினப்ப ரோமக் குடியுரிமையைச் சொல்லி தப்பிச்சார். செசரியாவுல "இராயனுக்கு அபயமிடுகிறேன்"னு, அதாவது ரோமப் பேரரசர்கிட்டயே, மேல்கோர்ட்டுக்கு அப்பீல் பண்ணார். மன்னிப்பைப் பத்தி இத்தனை எழுதின மனுஷனுக்கு, சட்டத்துகிட்ட போறதும் மன்னிக்கிறதும் முட்டிக்கிட்டதா தெரியவே இல்ல.

அதே பவுல் 1 கொரிந்தியர் 6ல சகோதரனுக்கு எதிரா கோர்ட்டுக்குப் போகாதீங்கன்னு எழுதியிருக்காரே, நஷ்டத்தை ஏன் சகிச்சுக்கக் கூடாதுன்னு கேட்டிருக்காரேன்னு உங்க பாஸ்டர் கேக்கலாம், நியாயமான கேள்விதான். அங்க பேசறது இந்த ஜீவனுக்கடுத்த சொத்து வழக்குகள், ஒருத்தனை ஒருத்தன் வஞ்சிக்கிறது. அதுக்கும் தீர்ப்பே வேண்டாம்னு சொல்லல, உங்களுக்குள்ள வழக்கைத் தீர்க்கத் தகுந்த ஒரு விவேகி கூடவா இல்லன்னு திட்டறார். சபைக்குள்ள தீர்க்கிறோம்னு சொல்றவங்க நிஜமாவே தீர்க்கணும், மச்சானைக் கூப்பிட்டு உக்கார வெச்சு கடிஞ்சுக்கணும், அதைச் செய்யாம அக்காவை மட்டும் கூப்பிட்டு அட்வைஸ் பண்றதுக்கு இந்த வசனத்துல இடம் கிடையாது.

நம்ம நாட்டுல நடந்த ஒண்ணைச் சொல்றேன். கிரஹாம் ஸ்டெயின்ஸ், ஆஸ்திரேலியாக்காரர், 1965ல ஒடிசாவுல பாரிபதாவுக்கு வந்து தொழுநோயாளிகளுக்கு வேலை செஞ்சவர். 1999 ஜனவரி 22 ராத்திரி மனோகர்பூர்ல வண்டிக்குள்ள தூங்கிட்டு இருந்தவரையும் கூட இருந்த ரெண்டு பசங்களையும், பிலிப்புக்கு 10 வயசு, திமொத்திக்கு 6, ஒரு கும்பல் உயிரோட எரிச்சுச்சு. மனைவி கிளாடிஸ் மன்னிச்சுட்டேன்னு சொன்னது எல்லா பேப்பர்லயும் வந்தது, அதை மட்டும் எல்லாரும் ஞாபகம் வெச்சிருக்காங்க. அதுக்கப்புறம் என்ன ஆச்சு? விசாரணை நடந்தது, 2003ல அந்தக் கும்பலுக்குத் தலைமை தாங்கின தாரா சிங்குக்கு மரண தண்டனை விதிச்சாங்க, 2005ல ஹைகோர்ட் அதை ஆயுளா மாத்துச்சு, 2011 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் ஆயுளை உறுதி பண்ணுச்சு. அந்தம்மா மன்னிச்சதால கேஸ் மூடிடல. விசாரணை கமிஷன்கிட்ட அவங்க சொன்னதோட சாரம், தண்டிக்கணும்ங்கிற எண்ணம் எனக்கு இல்ல, ஆனா அவங்க மனந்திரும்பி திருந்தணும்னு ஆசைப்படறேன், அவ்வளவுதான். மன்னிப்புக்கும் அன்புக்கும் எங்க முடிச்சுன்னு எனக்கு இதுல தெரியுது. கோவத்தை விட்டதோட நிக்கல, அவன் நல்லா ஆகணும்னு கேக்குறாங்க. கொலைகாரனுக்கு என்ன நல்லது? ஜெயில்ல இருந்து தப்பிக்கிறதா? இல்ல, தான் செஞ்சதை உணர்றது. இடைக்காலத்து இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் எழுதினதும் ஏறக்குறைய இதான், அன்புன்னா இன்னொருத்தருக்கு நன்மையை விரும்புறது. பிடிக்கணும்ங்கிறது இல்ல. மார்ட்டின் லூதர் கிங்கும் இதையே சொல்வார், சத்துருவை லைக் பண்ணுன்னு இயேசு சொல்லல, நேசின்னுதான் சொன்னார், வீட்டுல குண்டு போடறவனை எப்படி லைக் பண்றதுன்னு. 1956ல அவர் வீட்டுல நிஜமாவே குண்டு போட்டாங்க, அதனால பேச்சுக்குச் சொன்னதில்ல.

அப்ப உங்க மச்சானுக்கு நன்மை எது? குடிச்சிட்டு அடிச்சாலும் காலையில காப்பி கிடைக்கும்ங்கிற வாழ்க்கையா? அவரை அப்படியே விடறது அவர்மேல வெச்ச அன்பே கிடையாது. லேவியராகமம் 19:18ல உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாகன்னு வருதே, அதுக்கு நேர் முந்தின வசனம் பிறன்மேல பாவம் சுமராதபடிக்கு "அவனை எப்படியும் கடிந்துகொள்ளவேண்டும்"னு இருக்கு. கடிந்துக்கிறதும் அன்புகூர்றதும் பக்கத்து பக்கத்து வசனம்.

அந்த "பிறன்" பத்தி ஒரு சின்ன விஷயம், எனக்குப் பிடிச்சதால சொல்றேன். புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்துல பக்கத்துல இருக்கிறவன்னு அர்த்தம், கத்தோலிக்க பைபிள்ல "அடுத்திருப்பவர்"னே போட்டிருக்காங்க, நம்ம பழைய பைபிள்ல மட்டும் "பிறன்". தமிழ்ல பிறன்னா யாரோ அந்நியன், பிறன்மனைங்கிறோமே. மொழிபெயர்ப்பா பாத்தா கொஞ்சம் விலகல்தான், ஆனா லூக்கா 10க்கு அதான் பொருந்துது. எருசலேம்ல இருந்து எரிகோவுக்கு இறங்கற ரோட்டுல, 27 கிலோமீட்டர் போல, கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் இறக்கம், அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கினது பக்கத்து வீட்டுக்காரன் இல்ல, யூதருக்கு ஜென்மப் பகையாளியான சமாரியன். அதுக்கு ஒரு அதிகாரம் முன்னாடிதான் சமாரியர் ஊர்ல இடம் தரலன்னு யாக்கோபும் யோவானும் வானத்துல இருந்து அக்கினி இறங்கட்டுமான்னு கேட்டு திட்டு வாங்கியிருந்தாங்க. கடைசியில இயேசு கேக்கறது உனக்குப் பிறன் யாருன்னு இல்ல, கள்ளர் கையில அகப்பட்டவனுக்கு யார் பிறனா இருந்தாங்கன்னு. உங்க கதையில குத்துயிரா கிடக்கிறது உங்க அக்கா. ஆசாரியன் வந்தான், பார்த்தான், பக்கமா விலகிப் போனான். ஜெபம் பண்ணிட்டுப் போனானான்னு எழுதல, பண்ணியும் இருக்கலாம்.

இன்னொண்ணு, அடுத்தவங்களுக்காக நாம மன்னிக்க முடியாது. தென்னாப்பிரிக்காவுல நிறவெறி ஆட்சி முடிஞ்சதும் ஆர்ச்பிஷப் டுட்டு தலைமையில உண்மை, ஒப்புரவு ஆணையம் வெச்சாங்க, செஞ்ச கொடுமையை முழுசா ஒத்துக்கிட்டா பொதுமன்னிப்புன்னு. நிறவெறியை எதிர்த்துப் போராடின ஸ்டீவ் பிக்கோவை 1977ல போலீஸ் காவல்ல அடிச்சு சாகடிச்சாங்க, அவர் குடும்பம் இந்த ஏற்பாட்டையே எதிர்த்து 1996ல கோர்ட்டுக்குப் போச்சு, எங்களுக்கு நீதிதான் வேணும்னு. கேஸ்ல தோத்தாங்க, ஆனா அந்தப் போலீஸ்காரங்க முழு உண்மையைச் சொல்லலன்னு 1999ல ஆணையமே மன்னிப்பை மறுத்துருச்சு. டுட்டு மேல எனக்குப் பெரிய மரியாதை, ஆனா அந்தக் குடும்பத்தைப் பார்த்து நீங்க கிறிஸ்தவ மனசு இல்லாதவங்கன்னு சொல்ல எனக்கு வாய் வராது. கிளாடிஸ் அம்மாவை அளவுகோலா வெச்சு அடிபட்ட எல்லாரையும் அளக்கறதும் அப்படித்தான் தப்பு. நேரம் எடுக்கும். சிஸ்டர் ராணி மரியாவை 1995ல மத்தியப் பிரதேசத்துல பஸ்ஸுல இருந்து இழுத்துப் போட்டு குத்திக் கொன்ன சமுந்தர் சிங்குக்கு, அவங்க கூடப்பிறந்த தங்கச்சி, அவங்களும் கன்னியாஸ்திரி, ஜெயிலுக்கே போய் ராக்கி கட்டினாங்க, அது நடந்தது 2002ல. ஏழு வருஷம் கழிச்சு. அவனும் செஞ்சதை நினைச்சு அழுத ஆள். நம்ம ஆட்கள் மூணு நாள்ல மன்னிச்சு கட்டிலுக்குப் போன்னு சொல்றாங்க.

எங்க பாட்டி ஞாபகம் வருது. தெக்கு தோட்டத்து வரப்பை கொழுந்தனார் ரெண்டடி தள்ளி வெட்டிட்டார்னு ஏழெட்டு மாசம் பேச்சு கிடையாது, பேச்சு இல்லாததால கோயில்ல அப்பமும் ரசமும் வாங்கற திருவிருந்துக்கும் போக மாட்டா, சமாதானம் ஆகாம பந்தியில கை நீட்டக் கூடாதுன்னு. ஒரு ஈஸ்டருக்கு முந்தின நாள் முறுக்கு சுட்டு எடுத்துக்கிட்டு அவங்க வீட்டுக்குப் போய், "எனக்கு உங்க மேல ஒண்ணும் இல்ல, ஆனா மனு குடுத்திருக்கேன், சர்வேயர் வந்து அளப்பார்"னுட்டு வந்தா. மறுநாள் பந்தியில முதல் வரிசை. தாத்தா கேட்டார், சமாதானம்னா மனுவை வாபஸ் வாங்கலையான்னு. "அது வேற, இது வேற"ன்னா. சர்வேயர் வந்து அளந்து கல் நட்டார், கொழுந்தனார் அன்னைக்கு சாயங்காலம் எங்க வீட்டுலதான் காப்பி குடிச்சார்.

இப்ப உங்க அக்கா விஷயம். முதல்ல உயிர் தப்பட்டும், மன்னிப்பைப் பத்தி யோசிக்கறதுக்கு ஆள் இருக்கணும்ல. தனியா இருக்க பாதுகாப்பான இடம் வேணும், உங்க வீடோ சொந்தக்காரங்க வீடோ. 181க்கு கூப்பிட்டா பெண்கள் உதவி மையம், 2005ஆம் வருஷ குடும்ப வன்முறைச் சட்டத்துல பாதுகாப்பு அலுவலர் மூலமா மனு குடுக்கலாம், அடிக்கக் கூடாதுன்னு கோர்ட் ஆர்டர் வாங்கலாம், அதே வீட்டுல இருக்கிற உரிமையும் கேக்கலாம், அதுக்காக டைவர்ஸ் பண்ணியே ஆகணும்னு இல்ல. காயத்தை டாக்டர்கிட்ட காட்டி சீட்டு வாங்கி வெச்சுக்கோங்க. மச்சான் குடியை விட்டு, சிகிச்சைக்குப் போய், செஞ்சதை வாயால ஒத்துக்கிட்டு, லூக்கா 19ல வர்ற வரி வசூல்காரன் சகேயு, அநியாயமா வாங்கினதை நாலு மடங்கா திருப்பித் தரேன்னு சொன்ன மாதிரி ஏதாவது செஞ்சு காட்டட்டும், சேர்ந்து வாழறதைப் பத்தி அப்ப அக்கா யோசிக்கட்டும், யோசிச்சு வேண்டாம்னாலும் அது மன்னிக்காத பாவம் ஆகாது.

பாஸ்டரைப் பாக்கறதா இருந்தா அக்காவைத் தனியா அனுப்பாதீங்க, நீங்களும் அம்மாவும் கூடப் போங்க. பைபிளைக் கையில எடுத்துட்டுப் போய், 18ஆம் அதிகாரத்தை 6ஆம் வசனத்துல இருந்து சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. 17 வந்ததும் நிறுத்தி, மச்சானை எப்ப கூப்பிடப் போறீங்கன்னு தேதி கேளுங்க.